உப்பு பார்க்கக் கூப்பிட்ட வீடு

நந்தினியின் தட்டில் முட்டைகள் குவிந்திருந்தன. அவற்றில் ஒன்றுதான் அவளுடையது. மற்றவையெல்லாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து வைத்துவிட்டுப் போனவை. சாம்பார் சாதத்தின் மேல் இடம் கொள்ளாமல் ஒரு முட்டை நழுவி, வராந்தாவின் சரிவில் உருண்டு, தண்ணீர்க் குழாய்வரை போய் நின்றது. சாதாரண நாளாக இருந்தால் அதற்கே வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு நந்தினியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

நான் வேப்பமரத்தடியில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வருகைப் பதிவை ஏற்ற வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த ஒரு மரத்தடியில்தான் சிக்னல் வரும். வேலை முடிந்து திரும்பி வந்தபோதுதான் இந்தக் காட்சி.

"என்ன புள்ளைங்களா இது?" என்றேன்.

தர்ஷினி முன்னால் வந்தாள். வகுப்புக்குத் தலைவி என்று யாரும் அவளை நியமிக்கவில்லை. அவளே ஆகிக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டோம் டீச்சர்."

"என்னத்த?"

"பசிக்கறவங்கள."

நந்தினி மெல்ல எழுந்தாள். தட்டை அப்படியே தரையில் விட்டுவிட்டு, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, வகுப்புக்குள் போய் மேசையில் முகம் புதைத்துக்கொண்டாள். நான் எவ்வளவு கூப்பிட்டும் நிமிரவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

போன வாரம், என் அப்பா கிணறு வெட்டும் வேலைக்கு வெளியூர் போன கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அதைத் தொடரத்தான் பேனாவை எடுத்தேன். முட்டை குறுக்கே உருண்டு வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள், இதுவும் ஒருவகையில் அப்பா ஊரில் இல்லாத காலத்தில் கொண்டுபோய் விடும்.

கவின் கொட்டிய உப்புமா

எல்லாம் முந்தின நாள் ஆரம்பித்தது.

எங்கள் பள்ளி கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் காலையிலேயே பள்ளியில் சூடாகச் சாப்பாடு. உப்புமா, பொங்கல், கிச்சடி என்று கிழமைக்கு ஒன்று. அந்த ஆவி என் மூக்கில் படும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். வெறும் வயிற்றோடு வந்து பிரார்த்தனையில் மயங்கி விழுகிற பிள்ளைகளை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் அப்படி விழுவதில்லை. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், தினமும் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைக்குக் கவின் தன் தட்டிலிருந்த உப்புமாவில் பாதியைச் சுவரோரம் கொட்டிக் காக்காய்களுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் மூக்கின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும், என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் தெரியும். திட்ட வாயெடுத்தேன். அவன், "காக்காக்குப் பசிக்கும்ல டீச்சர்" என்றான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சரி, இன்றைக்குப் பாடப் புத்தகம் வேண்டாம் என்று பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். பசி என்றால் என்ன என்று கேட்டேன். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னால் வருவது என்றாள் ஒருத்தி. நல்ல பதில்தான். அந்த மணி அடிக்கவே இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் யோசித்தார்கள்.

"டீச்சர் உங்கள மாதிரி சின்னப் புள்ளையா இருந்தப்ப, எங்க பள்ளிக்கூடத்துல சோறு கெடையாது" என்றேன்.

"அப்ப பசிச்சா என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி குடிப்பேன்."

"பிஸ்கட் வாங்கித் திங்க வேண்டியதுதான?" என்றான் கவின்.

எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வரும்போது, நானும் வீட்டுக்குப் போவதுபோல் போய்க் குழாயடியில் நின்றுவிட்டு வந்ததைச் சொன்னேன். தண்ணீர் குடித்த வயிறு ஓடும்போது குலுங்கும் என்பதைச் செய்து காட்டினேன், சிரித்தார்கள். வாய்ப்பாட்டில் ஏழு வரைக்கும் வரும், அதற்குமேல் காதில் ஏறாது என்று சொன்னபோது சிரிப்பு நின்றது.

"பசிக்குதுன்னு யாருகிட்டயாவது சொல்லலாம்ல?" என்று கேட்டாள் தர்ஷினி.

"சொல்ல மாட்டாங்கம்மா. பசிக்கறவங்க பசிக்குதுன்னு வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. வெக்கமா இருக்கும். நாமதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

ஒரு குழந்தை கேட்டது: "இப்ப உங்களுக்குப் பசிக்குமா டீச்சர்?"

"இப்ப எனக்கென்ன, கை நெறையச் சம்பளம் வாங்கறேன்" என்றேன். உண்மையில் நான் அரூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஒரு தம்ளர் காப்பியோடு கிளம்பி வருகிறவள். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, மகனும் பெங்களூரில் இருக்க, ஒருத்திக்காக அடுப்பு மூட்டச் சோம்பல். அதையெல்லாம் இரண்டாம் வகுப்பில் சொல்ல முடியுமா?

நான் சொன்னதில் இரண்டு விஷயத்தைப் பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பசித்தவர் தண்ணீர் குடிப்பார். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறுநாள் காலையிலிருந்தே தர்ஷினியின் தலைமையில் குழாயடியைக் காவல் காத்திருக்கிறார்கள். நந்தினி வந்தாள், குடித்தாள். மறுபடி வந்தாள், குடித்தாள். மூன்றாம் முறை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

ராஜம்மாக்கா

அவள் வராத இரண்டாம் நாள், பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கு நடந்தேன். வழி நெடுகக் குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். நடக்க நடக்க, எனக்குச் சோறு போட்ட ஒருவரின் நினைவுதான் வந்துகொண்டிருந்தது.

அப்பா வெளியூர் போன வருடம் மழை இல்லை. அம்மா விடிவதற்கு முன் களை வெட்டப் போய்விடுவாள். எங்கள் வீட்டுக்கு அடுத்து வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ராஜம்மாக்கா வீடு. நிலம் நீச்சு உள்ள குடும்பம். வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், எங்களிடம் தமிழ், அவசரத்தில் இரண்டும் கலந்து வரும். ராஜம்மாக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். மூக்குத்தி போட்ட பெரிய மூக்கு, அதைவிடப் பெரிய குரல்.

பொழுது சாயும் நேரத்தில் வேலிக்கு மேலாக அந்தக் குரல் வரும். "பா இல்லி, உப்பு நோடு." இங்கே வா, உப்பு பார் என்று அர்த்தம்.

நான் ஓடுவேன். ஒரு வட்டிலில் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றிக் கொடுப்பார். "எனக்கு நாக்கு செத்துப் போச்சு கண்ணு. உப்பு, காரம் ஒண்ணும் தெரியறதில்ல. நீதான் பாத்துச் சொல்லணும். ஒரு வாய்ல தெரியாது, பூராவும் தின்னுட்டுச் சொல்லு."

நான் அதை எவ்வளவு பெரிய வேலையாக எடுத்துக்கொண்டேன் தெரியுமா? புருவத்தைச் சுருக்கி, கண்ணை மூடி, வாய்க்குள் குழம்பை உருட்டி, பெரிய மனுஷி மாதிரித் தீர்ப்புச் சொல்வேன். "சரியா இருக்குதுங்க்கா." சில நாள், எப்போதும் சரி என்றே சொன்னால் என் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று, "கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க்கா" என்பேன். ராஜம்மாக்கா தயங்காமல் உப்பு ஜாடியில் கைவிட்டு அள்ளிப் போடுவார். அந்த வீட்டுச் சமையலே என் நாக்கை நம்பி நடக்கிறது என்ற பெருமையில் நான் வேலியைத் தாண்டி வருவேன்.

அப்பா பணத்தோடு திரும்பி வரும்வரை இந்த உத்தியோகம் நடந்தது. அப்பா வந்ததும் கூப்பிடுவது மெல்ல நின்றுபோனது. ராஜம்மாக்காவின் நாக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கல்யாணப் பந்தியில்தான் குட்டு உடைந்தது. ராஜம்மாக்காவின் வீட்டுக்காரர் மாதையன் மாமா எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். சாம்பாரை ஊற்றியதும், "உப்பு பாத்துச் சொல்லும்மா, நீ சொன்னப்புறம் திங்கறோம்" என்றார். நான் சிரித்தேன். அவர் மாப்பிள்ளையைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்.

"இது உப்பு கம்மின்னு சொல்லிட்டா எங்க பாடு திண்டாட்டங்க மாப்ள. எங்கூட்டுக்காரி ஒரு கை அள்ளிப் போட்டுருவா. வாயில வெக்க முடியாது. ஏண்டி, உப்பு சரியாத்தான இருந்துச்சுன்னு கேட்டா, அந்தப் புள்ள சொல்லிப் போடாம வுட்டா, சும்மா கூப்புட்டதுன்னு தெரிஞ்சுருமே, வாய மூடிட்டுத் தின்னுங்கம்பா. அந்த வருசம் பூராவும் நாங்க குடிச்ச தண்ணி இருக்குதே…"

"சும்மா இருங்க" என்று ராஜம்மாக்கா அவர் தொடையில் அடித்தார்.

பந்தியே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டுப்புடவையும் மாலையுமாக உட்கார்ந்திருந்தவள் இலைக்கு மேலாக எட்டி ராஜம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தின்னு கண்ணு, ஆறிப்போவுது" என்றார். அவர் காலமாகிச் சில வருடம் ஆகிறது. இன்றைக்கும் குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் எனக்கு எரிச்சல் வருவதில்லை.

செல்வி கேட்ட கேள்வி

நந்தினியின் அம்மா செல்வி வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கூலிக்குச் செய்கிற வேலை. விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க டீச்சர்." குரலில் மரியாதை இருந்தது, பிரியம் இல்லை.

"நந்தினி எங்கம்மா?"

"உள்ளதான் இருக்கறா. இனிமே வர மாட்டாளாங்க." கையிலிருந்த புளியைப் போட்டுவிட்டு நிறுத்தாமல் பேசினாள். "எம்புள்ளைய நான் ஒரு வேளகூடப் பட்டினி போட்டதில்லைங்க டீச்சர். அவங்கப்பா வுட்டுட்டுப் போனதுல இருந்து நான் இல்லாம இருந்திருப்பேன், அவளுக்கு வெச்சிருக்கேன். பைப்புல தண்ணி புடிக்கப் போனா, உங்கூட்ல சமைக்கறதில்லையான்னு கேக்கறாங்க. புள்ளைங்க போய் வூட்ல சொல்லியிருக்குது. திருவண்ணாமலப் பக்கம் எங்கண்ணன் இருக்கறாருங்க. அங்கயே கொண்டுபோய் வுட்டு, அங்கயே படிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம பஸ் ஏத்தறேன்."

அவளுக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் இருப்பது இவள் மட்டும்தான். பசியைப் பற்றி நான் நடத்திய ஒரு பாடம் இந்த இரண்டு பேரையும் பிரித்து வைக்கப் போகிறது.

"அன்னிக்கு அவ ரொம்பத் தண்ணி குடிச்சாளாம்மா. அத வெச்சுத்தான் புள்ளைங்க…" என்று இழுத்தேன்.

"தண்ணி குடிக்காம என்னங்க பண்ணுவா?" என்றாள் செல்வி. "முந்தின ராத்திரி கருவாட்டுக் கொழம்பு. வேல அவசரத்துல நான் சரியா அலசாம போட்டுட்டேன். ஒரே உப்புக் கரிப்பு. இவ காலையில எந்திரிச்சு, மிச்சமிருந்த களியில அதையே ஊத்தி வழிச்சுத் தின்னுட்டு வந்தா. போதாததுக்குப் பள்ளிக்கூடத்து உப்புமா வேற. தொண்ட வறளாதா?"

சிரிக்கக்கூடாத நேரம். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதையன் மாமா குடித்த தண்ணீர் நினைவுக்கு வந்துவிட்டது. செல்வி என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு அவள் உதட்டோரமும் லேசாகக் கோணியது.

"எங்கூட்ல எல்லாம் சாப்புடுவீங்களா டீச்சர்?" என்று திடீரென்று கேட்டாள்.

அது உபசாரம் மட்டும் இல்லை, எனக்கு வைத்த பரீட்சையும்கூட. நான் செருப்பைக் கழற்றினேன். "போடும்மா, பசிக்குது" என்றேன். காலையிலிருந்து நான் சொன்ன முழு உண்மை அதுதான்.

ஒரே அறை. மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் பள்ளிப் பை, நடுவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்த நந்தினி. செல்வி களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். நான் சாப்பிட்டேன், சாப்பிட்டுக்கொண்டே ராஜம்மாக்கா கதையைச் சொன்னேன். செல்வியிடம் சொல்வதுபோல்தான் சொன்னேன். மாதையன் மாமா தண்ணீர் குடித்த இடம் வந்தபோது சுவரைப் பார்த்த முதுகு லேசாகக் குலுங்கியது.

"அந்த மாமா பாவம்" என்றாள் நந்தினி, திரும்பாமல்.

"பாவந்தான்."

"உப்பு நெஜமாலுமே கம்மியா இருந்துச்சா டீச்சர்?"

"எனக்கு என்னடி தெரியும்? இருந்த பசிக்கு எல்லாமே ருசிதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குப் பசிக்குதுன்னு அந்தக்கா எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. "தெரியலியே கண்ணு. நான் கேக்கவே இல்ல" என்றேன்.

கிளம்பும்போது, "நாளைக்கு அனுப்பி வெய்யிம்மா" என்றேன். "பாக்கறேங்க டீச்சர்" என்றாள் செல்வி. அதில் சரியும் இல்லை, மாட்டேனும் இல்லை.

பாதி முட்டை

மறுநாள் காலை மணி அடித்தும் நந்தினியின் இடம் காலியாகவே இருந்தது. பிள்ளைகளைத் திரும்ப வட்டமாக உட்கார வைத்தேன். நந்தினி குடித்த தண்ணீருக்குக் காரணம் கருவாட்டுக் குழம்பு என்றதும் வகுப்பு ஓவென்று சிரித்தது. தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்டிவிட்டது.

"அப்ப நாங்க முட்ட குடுத்தது தப்பா டீச்சர்?"

நேராகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. "குடுத்தது தப்பில்லம்மா. உனக்குப் புடிச்ச முட்டைய எடுத்துக் குடுத்தியே, அந்த மனசு எல்லாருக்கும் வராது. ஆனா எல்லாரும் பாக்க, சுத்தி நின்னு குடுத்தா, வாங்கறவங்களுக்கு எப்படி இருக்கும்?"

"கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாமா?" என்றான் கவின்.

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அவனுக்கே சொல்லிவிட்டு, ராஜம்மாக்கா கதையை இவர்களுக்கும் சொன்னேன். உப்பு நோடு என்பதை எல்லோரும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்தச் சத்தத்தில் வாசலில் ஆள் வந்தது எனக்குத் தெரியவில்லை. நந்தினி பையோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கேட்டருகே செல்வி நின்று, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. நந்தினி இன்றைக்கும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள், பின்னல் போட்டுவிடுவது செல்விதான். அந்த நிம்மதியில்தான் இதை எழுதவே உட்கார முடிந்தது.

இந்த முறை பிள்ளைகள் நந்தினியைச் சுற்றி நிற்கவில்லை. தர்ஷினி மட்டும் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள். நந்தினி போய் அங்கே உட்கார்ந்தாள்.

அன்று காலையில் எனக்கு வழக்கமான காப்பிகூட இல்லை. பால் திரிந்துவிட்டது. கதை வேறு தொண்டை கிழியச் சொன்னேனா, பாட்டில் தண்ணீர் மத்தியானத்துக்குள் காலி. இன்னொரு முறை குழாயில் பிடித்துக்கொண்டு வந்து அதையும் குடித்துவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். நான் மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது நந்தினி தட்டோடு உள்ளே வந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி மறைத்து நின்றுகொண்டாள். முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள்.

"டீச்சர், இதுல உப்பு சரியா இருக்குதான்னு பாருங்க."

வெறுமனே அவித்த முட்டை. "முட்டையில எங்கடி உப்பு?" என்றேன்.

அவள் மேசைமேல் இருந்த என் காலிப் பாட்டிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். புருவத்தைச் சுருக்கினேன். கண்ணை மூடினேன், மூட வேண்டியும் இருந்தது. நன்றாக மென்று விழுங்கினேன்.

"கொஞ்சம் கம்மியா இருக்குதும்மா" என்றேன்.

நந்தினி மிச்சப் பாதியையும் என் கையில் வைத்தாள்.